சிங்குக்குக் கீழ பூட்டின சின்ன ஹீற்றர்: போட்டவுடனே கரண்ட் விழுது, அவசரம்

கோண்டாவில்_குசினி (காலை 9.12)
வணக்கம். குசினி சிங்குக்குக் கீழ சின்னச் சுடுதண்ணி ஹீற்றர் ஒண்டு பூட்டினது. ரெண்டு கிழமை நல்லா வேலை செய்தது. இப்ப ரெண்டு நாளா, பைப்பை இறுக்கி மூடினாலும் வாயால சொட்டுச் சொட்டா விழுது. இண்டைக்குக் காலமை சுவிச்சைப் போட வீடு முழுக்கக் கரண்ட் போட்டுது. ஹீற்றர் புதுசு. நாளைக்கு வீட்டில திவசம், கெதியாச் சொல்லுங்கோ.

நல்லூர்_நிழல் (9.20)
எத்தனை லீற்றர்? எத்தனை வாட்ஸ்? கிணத்துத் தண்ணியா, நீர்வழங்கல் சபைத் தண்ணியா? விழுறது எது, பெரிய ட்ரிப் சுவிச்சா, சின்ன பிரேக்கரா? பிரேக்கர் விழுந்தால் ஷோர்ட் அல்லது லோட் கூட. டெஸ்ட் பட்டனோட, 30 மில்லி அம்பியர் எண்டு எழுதியிருக்கிறது விழுந்தால் கரண்ட் எர்த்துக்கு ஒழுகுது. ரெண்டும் வேற வேற வருத்தம்.

பழைய_வயர்மன் (9.26)
இந்தக் கேள்வி எத்தனையாந் தரம்? தேடிப் பார்த்திட்டுக் கேட்கிற பழக்கமே இல்லாமப் போச்சு. தம்பி, உங்கட எர்த் சரியில்லை. எர்த் கம்பிக்குப் பக்கத்தில ரெண்டு வாளி தண்ணி ஊத்திப் போட்டுப் போடும். அவ்வளவுதான்.

சுண்ணக்கல் (9.31)
எனக்கெண்டால் தண்ணியைச் சூடாக்கிற எலிமென்டில கல் படிஞ்சிருக்கு. வலிகாமத்துக் கிணறு முழுக்கச் சுண்ணக்கல்லில. காங்கேசன்துறையில சீமெந்து ஆலை வந்ததே அந்தக் கல்லாலதான். தண்ணியைச் சூடாக்க, கரைஞ்சிருக்கிற இருகாபனேற்று உடைஞ்சு கல்சியம் காபனேற்றாப் படியும். எலிமென்டின்ர சூடு தண்ணிக்குப் போகாமல் உள்ளுக்கையே நிண்டு, மேலோடு வெடிச்சு, கரண்ட் தண்ணிக்கு ஒழுகும். கேத்திலுக்கை பாருங்கோ, வெள்ளையா இருக்கும்.

நல்லூர்_நிழல் (9.35)
வயர்மன் அண்ணை, எர்த் மோசமெண்டால் ட்ரிப் விழாது, அதுதான் ஆபத்தே. லைனால போற கரண்டும் நியூட்ரலால திரும்புறதும் வித்தியாசப்பட்டால்தான் அது விழும். ஒழுகுறதுக்கு வழி இருக்கு எண்டபடியால்தான் விழுது. எர்த் ஓரளவுக்கு வேலை செய்யுது எண்டுதான் அர்த்தம்.

சுண்ணக்கல், ரெண்டு கிழமைக்கை எலிமென்ட் வெடிக்கிற அளவுக்குக் கல் படியாது.

கோண்டாவில்_குசினி (9.48)
5 லீற்றர். 2000 எண்டு எழுதியிருக்கு. பெரிய சுவிச்தான் விழுது. கிணத்துத் தண்ணி, மேல தாங்கி. தம்பி இல்லை, அக்கா.

நல்லூர்_நிழல் (9.55)
அக்கா, முதல்ல பிளக்கையே கழட்டுங்கோ. சுவிச்சை நிப்பாட்டினாக் காணாது. சோக்கற் சுவிச் லைனை மட்டுந்தான் வெட்டும், நியூட்ரல் எர்த்தோட முட்டியிருந்தால் சுவிச் நிப்பாட்டி இருக்கேக்கையும் ட்ரிப் விழும். கழட்டின பிறகு ட்ரிப் விழாமல் நிண்டால் குற்றம் ஹீற்றரில.

மீற்றர் இருந்தால், தேர்மோஸ்ராற்றைக் கூட்டி வைச்சுப் பிளக்கின்ர லைன், நியூட்ரல் பின் ரெண்டுக்கும் நடுவில பாருங்கோ. 2000 வாட்ஸ் எண்டால் 26 ஓம் அளவில காட்ட வேணும். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில தொடர்பே காட்டக்கூடாது. சாதாரண மீற்றர் சில நேரம் ஏமாத்தும், கரண்ட் ஒழுக்குப் பார்க்கிற 500 வோல்ட் மெகர் மீற்றரால பார்த்து 1 மெகா ஓமுக்குக் கீழ எண்டால் அந்தச் சாமானைத் தொடக்கூடாது.

தேசிக்காய்த்தோட்டம் (10.02)
கல்லுக்கு ஏன் இவ்வளவு கதை? நாலு தேசிக்காயைப் பிழிஞ்சு உள்ளுக்கை விட்டு ஒரு இரவு வையுங்கோ.

சுண்ணக்கல் (10.08)
நாலா? 5 லீற்றர் தாங்கிக்கு 3 வீதக் கரைசல் எண்டால் 150 கிராம் சித்திரிக் அமிலம் வேணும். தேசிக்காய்ப் புளியில அது ஏறக்குறைய 5 வீதம். 3 லீற்றர் புளி பிழிய வேணும், நூறு காயாவது போகும். தூளா வாங்குங்கோ. தண்ணி கைச்சூட்டில இருந்தால் காணும். கொதிக்க வைச்சால் கல்சியம் சித்திரேற்றாத் திரும்பப் படிஞ்சு, கழுவ வெளிக்கிட்டவர் இன்னொரு கல்லைச் சேர்த்த மாதிரி முடியும்.

தேசிக்காய்த்தோட்டம் (10.11)
அப்ப வினாகிரி?

சுண்ணக்கல் (10.13)
வேலை செய்யும், மெதுவா. மணம் போக மூண்டு நாலு தரம் அலச வேணும். பாத்ரூம் கழுவுற அசிட் மட்டும் வேண்டாம், குளோரைட் பட்டால் ஸ்ரெயின்லெஸ் தாங்கியில ஊசித் துவாரம் விழும்.

பழைய_வயர்மன் (10.15)
சமையல் குறிப்பு எழுதுற இடம் இது இல்லை. அதோட சபைத் தண்ணி எடுத்திருந்தால் இந்தக் கல்லுப் பிரச்சினையே வந்திராது. தாளையடியில கடல்தண்ணி சுத்திகரிக்கிறதெல்லாம் ஏன் கட்டினவங்கள்?

தேசிக்காய்த்தோட்டம் (10.17)
லைன் எல்லா ஒழுங்கைக்கும் வந்திட்டுதோ அண்ணை?

ஓஸ்_வளையம் (10.24)
எல்லாரும் கரண்டையும் கல்லையும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள், அந்தச் சொட்டை ஒருத்தரும் கேட்கேல்லை. அக்கா, நாலே நாலு கேள்வி. ஹீற்றர் இங்க வாங்கினதா, வெளிநாட்டில இருந்து வந்ததா? பைப்புக்கு அடியில எத்தனை ஓஸ் குழாய், ரெண்டா மூண்டா? பச்சைத்தண்ணி வாற பக்கம், அமுக்கம் கூடினால் வெளிய விடுற சேஃப்ரி வால்வோ, தண்ணியைத் திரும்பிப் போகவிடாத நொன்றிற்றேன் வால்வோ இருக்கா? பக்கத்துத் தகட்டில அமுக்கத்துக்கு "பார்" எண்டு எழுதின இடத்தில என்ன இலக்கம்?

கோண்டாவில்_குசினி (10.51)
அண்ணா ஜேர்மனியில இருந்து கொண்டு வந்தவர். பைப் இங்க வாங்கின, சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் கலந்து வாற சாதாரண மிக்சர், ரெண்டு ஓஸ். சுடுதண்ணி தாங்கிக்குத் திரும்பிப் போகாமல் இருக்க பிளம்பர் நொன்றிற்றேன் வால்வு ஒண்டு போட்டவர். சேஃப்ரி வால்வு இல்லை. தகட்டில 0 பார்.

ஓஸ்_வளையம் (11.07)
0 பார். கதை அதோட முடிஞ்சுது.

அக்கா, இது அமுக்கம் தாங்காத வகை. ஜேர்மன்காரர் "ட்ரூக்லோஸ்" எண்டு சொல்லுவினம். சிங்குக்குக் கீழ வைக்கிற 5 லீற்றர் பெட்டியள் அங்க கனக்க இந்த வகைதான். உள்தாங்கி மெல்லிசு, வெளிவாய் எப்பவும் திறந்திருக்க வேணும். அதுக்கெண்டு மூண்டு ஓஸ் உள்ள தனிப் பைப் இருக்கு. ஒண்டு சுவர் வால்வில இருந்து பைப்புக்கு. மற்றது பைப்பில இருந்து ஹீற்றருக்கு. மூண்டாவது ஹீற்றரில இருந்து நேர பைப்பின்ர வாய்க்கு, இடையில அடைப்பே இல்லை. சுடுதண்ணிப் பக்கம் திருப்பினால் பச்சைத்தண்ணி உள்ளுக்குப் போய்ச் சுடுதண்ணியை வெளிய தள்ளும். சூடாகேக்கை வாயால கொஞ்சம் சொட்டும், அது சரியான சொட்டு.

உங்கட மிக்சர் வெளிவாயை மூடுது, நொன்றிற்றேன் உள்வாயை மூடுது. 28 பாகையில இருந்து 65க்குச் சூடாக, 5 லீற்றர் தண்ணி 80 மில்லி அளவில பெருக்கும். போக இடமில்லை. தண்ணி அமுங்காது, தாங்கிதான் வீங்கும். நொன்றிற்றேன் இல்லாட்டியும் பிழைதான்: மேல் தாங்கி 4 மீற்றர் உயரமெண்டால் 0.4 பார், 20க்கு 20 சென்ரிமீற்றர் பக்கம் ஒண்டில 160 கிலோ ஏறி நிக்கிற மாதிரி. அந்த அமுக்கம்தான் மிக்சரைத் தாண்டிச் சொட்டினது. இப்ப எலிமென்ட் பூட்டின மூடியின்ர வொஷரும் விட்டு, தண்ணி வயர் முனைக்குப் போயிருக்கும். ட்ரிப் விழுறது அதாலதான்.

இப்ப செய்ய வேண்டியது: பிளக்கைக் கழட்டி, சுவர் வால்வை மூடி, சுடுதண்ணிப் பைப்பைத் திறந்து அமுக்கத்தை விடுங்கோ. உள்ளுக்கு இருக்கிறது கொதிதண்ணி, ஆற விட்டுட்டுத்தான் ஓஸில கை வையுங்கோ. வீங்கின தாங்கியைத் திருப்பிப் பாவிக்க ஏலாது. காய வைச்சால் ட்ரிப் விழாமல் நிக்கும், அதை நம்பிப் பூட்டாதேங்கோ.

நல்லூர்_நிழல் (11.15)
இதே வகை இன்னொண்டு வந்தால் மூண்டு ஓஸ் பைப் கட்டாயம் வேணுமோ?

ஓஸ்_வளையம் (11.22)
இல்லை. ஹீற்றருக்கு உள்ள போற பக்கம் தண்ணியைத் திறந்து மூட ஒரு அங்கிள் வால்வு, வெளியால வளைஞ்ச வெறுங்குழாய், அதில பைப்பும் வேண்டாம் வால்வும் வேண்டாம். உள்வாயைத் திறந்தால் சுடுதண்ணி வரும், மூடினால் நிக்கும். முதல் தரம், குழாயால காத்து இல்லாமல் நேராத் தண்ணி வந்த பிறகுதான் கரண்ட் குடுக்க வேணும். வெறும் தாங்கியில போட்டால் எலிமென்ட் கருகும்.

மிக்சரோடதான் வேணுமெண்டால் அமுக்கம் தாங்கிற வகையை வாங்கி, பச்சைத்தண்ணிப் பக்கம் சேஃப்ரி வால்வைப் பூட்டுங்கோ. கனக்க வால்வில 7 அல்லது 8 பார் எண்டிருக்கும், அம்புக்குறி ஹீற்றரைப் பார்க்க வேணும். அந்த வால்வின்ர பக்கவாயால சொட்டும். சொட்டுதே எண்டு ரேப் சுத்தி அடைக்கிற ஆக்களும் இருக்கினம். அடைச்சால் திரும்ப இதே கதை, இன்னும் பெரிசா.

பழைய_வயர்மன் (11.40)
தகட்டுப் படத்தை முதலே போட்டிருந்தால் ஒரு வரியில முடிஞ்சிருக்கும். எண்டாலும் எர்த்தையும் ஒருக்காப் பாருங்கோ.

தேசிக்காய்த்தோட்டம் (11.44)
வினாகிரி தென்னை வினாகிரியா, செயற்கையா? அதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

கோண்டாவில்_குசினி (மாலை 6.30)
கழட்டியாச்சு. கீழ்ப்பக்கம் வீங்கித்தான் கிடக்கு, வயர் முனையெல்லாம் ஈரம். ஹீற்றர் இல்லாமல் ட்ரிப் நிக்குது. நாளைக்குக் கேத்திலும் அடுப்பும்தான். நன்றி.

ஓஸ்_வளையம் (6.41)
நல்லது. அந்த நொன்றிற்றேன் வால்வையும் கழட்டிப் போடுங்கோ அக்கா, அடுத்த ஹீற்றர் பூட்ட வாறவர் அது அங்க இருக்கிறதைக் கவனியாமல் விட்டிடுவார்.