யு0126 இன்னும் வேலை செய்யுமா? உதவி தேவை

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். கலங்களுக்குள் வளர்ச்சிச் சமிக்ஞையைக் கடத்தும் பாதையை மறித்துப் பார்க்க யு0126 என்ற நிரோதியைப் பாவிக்கிறோம். இது மெக்1, மெக்2 என்ற இரண்டு நொதியங்களையும் தடுக்கும். அப்புறம் எர்க் புரதத்தில் பொசுபேற்று ஏறாது.

டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 10 மில்லிமோலர் கரைசலாக்கி −20 பாகையில் வைத்திருந்தோம். போன கிழமை மழையோடு கரண்ட் போய், விடியும் வரை வரவில்லை. காலையில் குழாய்கள் இளகி, வெளியே வியர்த்து, மார்க்கரால் எழுதிய திகதிகூட அழிந்து கிடந்தது. டிஎம்எஸ்ஓ 18.5 பாகையிலேயே உருகிவிடும், ஈரத்தையும் இழுக்கும். அதுதான் பயம். சந்தேகமான கரைசலில் வரும் முடிவை எழுத எனக்கு மனமில்லை.

யாரிடமாவது பொசுபோ-எர்க், அதாவது பொசுபேற்று ஏறிய எர்க்கை மட்டும் பிடிக்கும் பிறபொருளெதிரி கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா? மொத்த எர்க்குக்கு உரியது எங்களிடம் உண்டு. கலங்களை சீரம் இல்லாமல் வைத்து, 10 மைக்ரோமோலர் யு0126 கொடுத்து, பிறகு பாதையைத் தூண்டும் ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்து, புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் புளொட் ஓட்டினால் விடை தெரிந்துவிடும். பொசுபோ-எர்க் பட்டை மறைந்தால் கரைசல் நல்லது. ஒப்பிட்டுப் பார்க்க, இதன் செயலற்ற சோடியான (மெக்கைத் தடுக்காத) யு0124 ஒரு துளி கிடைத்தால் இன்னும் பெரிய உதவி.

யாழ்ப்பாணம், வவுனியா என்றால் ஐஸ் பெட்டியோடு நானே பஸ்ஸில் வந்து எடுப்பேன். கொழும்பிலிருந்து தூளாகவே எடுப்பித்தவர்கள் இருந்தால், எப்படி அனுப்பச் சொன்னீர்கள் என்றும் எழுதுங்கள். செலவைத் தருகிறோம்.