இடையக வறட்சி: சிடி எழுதும்போது வரும் பிழைக்கு ஒரு பெயர்

அனைவருக்கும் வணக்கம். சிடி எழுதும் மென்பொருளின் செய்திகளைத் தமிழாக்கும்போது வந்த கேள்விகளுக்கு என் பதில் இது. இடையகம் (பஃபர்) என்பது கணினியிலிருந்து வரும் தரவை வட்டில் எழுதும்வரை ரைட்டர் சேர்த்து வைக்கும் தற்காலிக நினைவகம். அது காலியாகிப்போவதுதான் பஃபர் அண்டர்ரன்.

> பஃபர் அண்டர்ரன் = இடையகக் குறைவோட்டம். இப்படியே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பொருந்துகிறதுதான். ஆனால் எழுதிக்கொண்டிருந்த வட்டு பாதியில் பாழாகி எரிச்சலோடு உட்கார்ந்திருப்பவருக்குத் திரையில் 'இடையகக் குறைவோட்டப் பிழை' என்று காட்டினால் அவர் என்ன செய்வார்? வட்டு மட்டம் என்று நினைத்து இன்னொன்றைப் போடுவார், அதுவும் போகும். இந்தப் பிழையில் வட்டின் மேல் குற்றமே கிடையாது. அதனால்தான் 'இடையக வறட்சி' என்று முன்வைக்கிறேன்.

தடம் ஒரே சுருளாக உள்விளிம்பிலிருந்து வெளியே போகிறது, லேசர் எழுதத் தொடங்கிவிட்டால் தரவு விடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். சிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு 150 கிலோபைட், 8எக்ஸ் என்றால் 1200. பழைய ரைட்டர்களில் 2 மெகாபைட் இடையகம் சாதாரணம், அப்படியானால் கணினி இரண்டு நொடி வேறு வேலையில் மூழ்கினாலே கையிருப்பு தீர்ந்துவிடும். மதகு திறந்திருக்கும்போது ஏரிக்கு வரத்து நின்றுபோன மாதிரி. 'குறைவோட்டம்' என்றால் ஏதோ மெதுவாகிவிட்டது என்றுதான் படும், இங்கே நடப்பது அது இல்லை, இருப்பே காலியாகிறது.

'இடையக வற்றல்' என்றும் ஒரு யோசனை வந்தது. வற்றல் வேறொரு பொருளில் நன்றாக ஊறிப்போன சொல், விட்டுவிடலாம். ஓவர்ஃப்ளோவுக்கு, அதாவது இடையகம் நிரம்பி வழிவதற்கு, 'வழிவு' என்று வைத்தால் வழிவு, வறட்சி என்று இரண்டும் இணையாக நிற்கும் என்பது கூடுதல் வசதி.

> இப்போது வரும் ரைட்டர்களில் இந்தப் பிழையே வராதே, சொல் எதற்கு?

பிழை வராது, சொல் வரும். 2000-இல் சான்யோவின் பர்ன்-புரூஃப் என்ற தொழில்நுட்பம் வந்த பிறகு, இடையகம் காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் ரைட்டர் எழுதுவதை நிறுத்தி, விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, தரவு சேர்ந்ததும் அங்கிருந்தே தொடர்கிறது. மற்ற நிறுவனங்களும் வேறு வேறு பெயர்களில் இதையே செய்தன. அமைப்புகளில் அதற்கு ஒரு தேர்வுப்பெட்டி இருக்கிறது, அதை 'வறட்சிக் காப்பு' என்று எழுதிவிடலாம். குறைவோட்டத்தோடு 'காப்பு' சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், வாயில் நுழையாது.

அப்புறம், காப்பு இருந்தாலும் வறட்சி வறட்சிதான். 16எக்ஸ் என்று தொடங்கியது நடுநடுவே நின்று நின்று இழுத்துக்கொண்டே போகிறது என்றால் காரணம் கணினிப் பக்கம்தான்: பின்னணியில் வைரஸ் ஸ்கேன் ஓடும், கோப்புகள் நெட்வொர்க் வழியாக வரும், வன்வட்டில் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கும். ஐடிஇ கேபிளில் (பழைய கணினிகளின் பட்டையான கேபிள்) இணைத்த ரைட்டராக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பிழைகள் அடிக்கடி வந்தால் விண்டோஸ் எக்ஸ்பி தானாகவே டிஎம்ஏ என்ற வேகமான தரவுப் பரிமாற்ற முறையை விட்டு, பிஐஓ என்ற மெதுவான முறைக்கு இறங்கிவிடும், பிறகு எந்த வட்டைப் போட்டாலும் ஆமை வேகம்தான். முதலில் ஐஎஸ்ஓ கோப்பாக (முழு வட்டின் நகலையும் கொண்ட ஒரே கோப்பு) வன்வட்டில் உருவாக்கிக்கொண்டு பிறகு எழுதினால் பாதித் தொல்லை தீரும்.

'பவர் கேலிபரேஷன் எரர்' என்ற பிழைச்செய்தி வறட்சிக்கு நேர் எதிர். எழுதத் தொடங்கும் முன் ரைட்டர் வட்டின் உள்விளிம்பில் ஒரு சிறு பகுதியில் எழுதிப் பார்த்து லேசருக்கு எவ்வளவு திறன் வேண்டும் என்று கணிக்கிறது, அந்தக் கணிப்பு கைகூடாவிட்டால் இந்தச் செய்தி. இதற்கு ஆன்டிவைரஸை நிறுத்தி ஒரு பயனும் இல்லை. வேறு பிராண்டு வட்டு, குறைந்த வேகம், ஃபர்ம்வேர் (ரைட்டருக்குள்ளேயே இருக்கும் நிரல்) புதுப்பிப்பு என்று போக வேண்டும், எதற்கும் மசியவில்லை என்றால் லேசருக்கே வயதாகியிருக்கலாம். எனவே 'லேசர் அளவமைப்புப் பிழை' என்று லேசரைப் பெயரிலேயே வைத்துவிடுவோம். தயவுசெய்து இரண்டையும் 'எரித்தல் பிழை' என்று ஒரே கூடையில் போட வேண்டாம்.

ஆங்கில 'பர்ன்' என்பதை எரித்தல் என்று ஆக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. லேசரின் வெப்பத்தில் வட்டின் சாய அடுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். மக்கள் 'சிடி ரைட் பண்ணு' என்கிறார்கள், நாமும் 'எழுது' என்றே வைப்போம். 'வட்டை எரிக்கவா?' என்று ஒரு பொத்தான் கேட்டால் நானே யோசிப்பேன்.

ஃபைனலைஸ் = 'வட்டை மூடு'. 'அமர்வை மூடு' வேறு, ஒரு தடவை எழுதியதை (அமர்வு) மட்டும் முடித்துவைப்பது, அதற்குப் பிறகும் இடம் இருந்தால் சேர்க்கலாம். வட்டையே மூடினால் சேர்க்க முடியாது என்பதால் அந்தப் பொத்தானுக்குக் கீழே 'இதன்பின் எதையும் சேர்க்க இயலாது' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

வறட்சிச் செய்திக்கு என் வரைவு: 'இடையக வறட்சி: கணினியிலிருந்து தரவு உரிய வேகத்தில் வரவில்லை. மற்ற நிரல்களை மூடிவிட்டு, வேகத்தைக் குறைத்து மீண்டும் எழுதவும்.' நீளம் உரையாடல் பெட்டிக்குள் அடங்குமா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். அடங்காவிட்டால் 'மற்ற நிரல்களை மூடிவிட்டு' என்பதை வெட்டலாம், முதல் வாக்கியத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.