தொகையிட்டால் −3 வருகிறது; பரப்பு குறை எண்ணாகுமா?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: ஒய் = எக்ஸ்² − 4 என்ற வளைவரைக்கும் எக்ஸ் அச்சுக்கும் இடையே, எக்ஸ் = 0 முதல் 3 வரை உள்ள பரப்பு கேட்டிருக்கிறார்கள். தொகையிட்டால் 9 − 12 = −3. விடைப்பகுதியிலோ 23/3. எது சரி?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்: இரண்டும் சரிதான் அம்மா, கேள்விகள்தாம் வேறு. முதலில் படம் வரை. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போனது. வளைவரை எக்ஸ் = 2 இல் அச்சை வெட்டுகிறது; அதுவரை கீழே, பிறகு மேலே. கீழே கிடப்பதைத் தொகையீடு குறைக் குறியோடு எண்ணும். 0 முதல் 2 வரை −16/3, குறியை நீக்கு. 2 முதல் 3 வரை 7/3. கூட்டிப் பார்.

மாணவி: 23/3 வந்துவிட்டது ஐயா! அந்த 16/3 ஐத் தொகையிடாமல் சரிபார்க்க முடியுமா?

ஆசிரியர்: நல்ல கேள்வி. உன் வளைவரை ஒரு பரவளையம். நேர்கோடு வெட்டியெடுக்கும் பரவளையத் துண்டின் பரப்பு, அதே அடியும் உயரமும் கொண்டு உள்ளே வரையும் முக்கோணத்தைப் போல 4/3 மடங்கு என்று ஆர்க்கிமிடீஸ் நிறுவினார், நுண்கணிதம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே. இங்கே −2 முதல் 2 வரை அடி 4, உயரம் 4, முக்கோணம் 8. துண்டு 32/3. அதில் பாதி?

கல்லூரி மாணவர்: மட்டு மதிப்பை, அதாவது குறைக் குறியை நீக்கிய மதிப்பை, தொகையிடச் சொன்னால் கணினியே 23/3 தந்துவிடுமே.

ஆசிரியர்: தரும். தேர்வு அறைக்குள் அதை விடமாட்டார்கள், தம்பி.