லேத் ஸ்பிண்டில் சுத்தவே மாட்டேங்குது, அவசர உதவி தேவை

அல்சூர்வாசி (சனி, இரவு 10.50)
எல்லாருக்கும் வணக்கம். தாத்தாவோட பழைய லேத், இரும்பைக் கடையற மெஷின். பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டு ஷெட்ல பதினஞ்சு வருஷமா தார்ப்பாய் போத்திக் கிடந்துச்சு. ஷெட்டை இடிக்கப் போறாங்க, அதுக்குள்ள ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்னு நெனச்சேன். ஸ்பிண்டில்ங்கற சுழல் தண்டோட முனையில உருப்படியைக் கடிச்சுப் பிடிக்கற சக் இருக்கு, அதைப் பிடிச்சுத் திருப்பினா அசையவே இல்ல. துரு இளக்கற டபிள்யூடி-40 ஸ்ப்ரே ஒரு டப்பா முழுசா அடிச்சாச்சு. பேரிங் போயிடுச்சா? பழைய இரும்புக்கே போட்டுடலாமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கடைசல்காரன்
என்ன லேத்? பெட், அதான் அடியில இருக்கற ரயில், எத்தனை அடி? பெல்ட் மாட்டியிருக்கா, கழட்டியிருக்கா?

ஃபிட்டர் பாலு
இதுல யோசிக்க என்ன இருக்கு. பதினஞ்சு வருஷம் நின்னா கன்மெட்டல் புஷ், அதான் ஸ்பிண்டில் உள்ள சுத்தற வெண்கல வளையம், ஷாஃப்டோட ஒட்டிக்கும். நான் பாத்த வரைக்கும் பத்துக்கு ஒன்பது இதான். டீசல் ஊத்தி ராத்திரி ஊற விடு. காலைல கேஸ் டார்ச்ல லேசா சூடு காட்டு. சக் வாயில ரெண்டடி பைப்பைக் கடிக்க விட்டு ஒரே இழு. வந்துடும்.

தங்கவயல் பேரன்
கேரேஜ், அதான் வெட்டற டூல் நிக்கற வண்டி, நகருதா? வலது கோடியில இருக்கற டெயில் ஸ்டாக்? ஸ்பிண்டில் மட்டும்தானா, எல்லாமே ஜாமா? மோட்டார் சிங்கிள் ஃபேஸா திரீ ஃபேஸா?

பீன்யா டர்னர்
படம் இல்ல, பேர் இல்ல, அளவு இல்ல. டாக்டருக்குப் போன் போட்டு "உடம்பு சரியில்ல, மாத்திரை சொல்லுங்க"ன்னு கேக்கற மாதிரி இருக்கு. தம்பி, நான் 34 வருஷம் லேத்ல நின்னவன். இது வாஷிங் மெஷின் இல்ல, பட்டனை அமுக்கினா ஓடறதுக்கு. மொதல்ல கேள்வி கேக்கக் கத்துக்கணும், அப்புறம் லேத்தைத் தொடலாம்.

அல்சூர்வாசி (ஞாயிறு, காலை 7.15)
ஸாரி ஸார். பேர் தெரியல, மூணு கோட் பச்சைப் பெயிண்ட் அப்பியிருக்கு. பெட் மூணரை அடி. புல்லி மூணு அடுக்கு. தோல் பெல்ட் காஞ்சு அறுந்து கீழ கிடக்கு. கேரேஜ் நல்லா நகருது. இன்னொண்ணு, பெட்ல துரு இருக்கு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிடவா?

கடைசல்காரன்
உப்புத்தாளைத் தூரப் போடு! அந்த ரயில்தான் லேத்தோட உயிர். மண்ணெண்ணெய் நனைச்ச ஆயில் கல்லைப் படுக்க வெச்சு, அழுத்தாம தேய். துரு மட்டும் வரும், இரும்பு வராது. கழட்டற சின்ன உருப்படிங்களை மொலாசஸ் ஒண்ணுக்குத் தண்ணி பத்து கலந்து ஒரு வாரம் போட்டு வை. நாத்தம் அடிக்கும், அக்கம்பக்கத்துல மொதல்லயே சொல்லிடு.

பெல்ட் அறுந்து கிடக்குன்னா ஜாம் மோட்டார்ல இல்ல, ஸ்பிண்டில் உக்கார்ற ஹெட் ஸ்டாக்லதான்.

தங்கவயல் பேரன்
எந்த லேத்னு கண்டுபிடிக்க வழி சொல்றேன். பெட்டோட வலது கோடியில, டெயில் ஸ்டாக் பக்கம், ரயிலுக்கு நடுவுல நம்பர் குத்தியிருக்கான்னு பாரு. அப்புறம் முன்பக்கம் நூல், அதான் மரை, வெட்டற அட்டவணைத் தகடு இருக்கும். பித்தளைன்னா தின்னர் நனைச்ச துணியால ஒத்தி எடு, சுரண்டாத. எழுத்து போச்சுன்னா போனதுதான்.

என் தாத்தாவும் கோலார் தங்கவயல் ஒர்க்ஷாப்ல டர்னர். 2001ல சுரங்கத்தை மூடற வரைக்கும் எங்க தெருவுல லேத் பாஷை தெரியாத வீடு கிடையாது.

அல்சூர்வாசி (காலை 9.40)
தகடு வந்துடுச்சு! சவுத் பெண்ட், இண்டியானா, அமெரிக்கான்னு போட்டிருக்கு. கீழ கியர் பாக்ஸ் மாதிரி ஒண்ணு, ரெண்டு லீவர். தகட்டுல 8, 16, 20ன்னு ஒரே நம்பரா இருக்கு.

பீன்யா டர்னர்
அந்த நம்பரெல்லாம் இன்ச்சுக்கு எத்தனை நூல்ங்கற கணக்கு. அமெரிக்கன் லேத், எல்லாம் இன்ச். இந்தக் காலத்துல எவன் இன்ச் நூல் கேக்கறான்? மெட்ரிக் வெட்ட முடியாத லேத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? 1953ல எச்எம்டி ஆரம்பிச்சு, ஸ்விஸ்காரன் கூட சேந்து ஜாலஹள்ளியில போட்டானே, அது லேத்து.

கடைசல்காரன்
மெட்ரிக் வெட்ட முடியாதுன்னு யார் சொன்னது? 127 பல் கியர் ஒண்ணு மாட்டினா வெட்டலாம். ஒரு இன்ச் 25.4 மில்லி, அதை அஞ்சால பெருக்கினா 127. பகா எண், அதனாலதான் இதை விடச் சின்ன கியர் ஒத்து வராது. மத்தபடி சுத்தமா வரும், தோராயம் இல்ல.

பீன்யா டர்னர்
காகிதத்துல வரும். மெஷின்ல நின்னவனுக்குத் தெரியும். கேரேஜை இழுக்கற நீள ஸ்க்ரூ, அதான் லீட் ஸ்க்ரூ, இன்ச்ல இருந்தா, மெட்ரிக் நூல் வெட்டும்போது அதைக் கவ்வற ஹாஃப் நட்டைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் மோட்டாரை ரிவர்ஸ்ல ஓட்டித் திரும்பக் கொண்டு வரணும். இந்த லேத்ல சக், ஸ்பிண்டில் மூக்குல நூல் போட்டு ஏத்தினது. ரிவர்ஸ்ல வேகமா ஓட்டினா சக் கழண்டு மடியில வந்து உக்காரும்.

கடைசல்காரன்
மெதுவா ஓட்டணும் ஸார், அவ்வளவுதான். மெட்ரிக் சட்டம் 1956லயே வந்தாச்சு, இன்னும் எஸ்.பி. ரோட்டுல நாலு நூல் (இது அளவு, ஒரு நூல்னா அரைக்கால் இன்ச்) போல்ட்னு கேட்டா அரை இன்ச்தான் எடுத்துக் குடுக்கறான். இன்ச் அவ்வளவு சுலபமா சாகாது.

ஃபிட்டர் பாலு
யாரும் பேரிங் பக்கம் வரவே மாட்டேங்கறீங்க. புஷ் ஒட்டியிருக்கு. பைப் போடு.

சத்தமில்லாதவன்
இழை முழுக்கப் படிச்சேன். கேக்க வேண்டியதை யாரும் கேக்கலயே. பேக் கியர், அதான் வேகத்தைக் குறைக்கற பின்பக்கப் பல் சக்கரம், அதோட லீவர் எந்தப் பக்கம் இருக்கு? சக்குக்குப் பின்னால இருக்கற பெரிய பல் சக்கரம், அதான் புல் கியர், அதுல ஒரு சின்ன பின் இருக்கும். அது உள்ள இருக்கா, வெளிய இழுத்திருக்கா?

இந்த லேத்ல புல்லி ஸ்பிண்டில் மேல சும்மாதான் சுத்தும். பின்னை உள்ள தள்ளினா புல்லியும் புல் கியரும் ஒண்ணாயிடும், நேர் ஓட்டம். பின்னை இழுத்துட்டு பேக் கியரைப் போட்டா மெதுவான ஓட்டம். ரெண்டையும் சேத்துப் போட்டா ஒரே ஸ்பிண்டிலை ரெண்டு வேகத்துல சுத்தச் சொல்ற மாதிரி. எங்க போகும்? அப்படியே பூட்டிக்கும். சக்கைக் கழட்ட நிறைய பேர் இப்படித்தான் பூட்டுவாங்க, பூட்டினதை மறந்தும் போவாங்க. மெயின் ஸ்விட்சை இறக்கிட்டு, பேக் கியரை விலக்கிக் கையால திருப்பிப் பாரு. அப்பவும் அசையலன்னா பேரிங் கதை பேசலாம்.

பாலு அண்ணா, இந்த ஒன்பது இன்ச் சவுத் பெண்ட்ல கன்மெட்டல் புஷ்ஷே கிடையாது. ஸ்பிண்டில் நேரா ஹெட் ஸ்டாக் வார்ப்பிரும்புலயே ஓடுது. கீழேர்ந்து ஃபெல்ட், அதான் அமுக்கின கம்பளித் துண்டு, ஸ்பிரிங் மேல உக்காந்து ஆயிலை ஏத்திக் குடுக்கும். அதுல டார்ச் காட்டினா ஃபெல்ட் கருகிடும். ஸ்பிண்டிலை வெளிய உருவறதா இருந்தாலும் மொதல்ல ஆயில் ஓட்டை வழியா ஃபெல்ட்டைக் கீழ அமுக்கிக் கம்பி சொருகணும்.

ஃபிட்டர் பாலு
எல்லா லேத்லயும் புஷ் இருக்கும். நான் மாத்தியிருக்கேன்.

சத்தமில்லாதவன்
மத்ததுல இருக்கும்ணா. இதுல இல்ல.

அல்சூர்வாசி (மதியம் 1.05)
சுத்துது!! ரெண்டுமே போட்டிருந்துச்சு. லீவரைத் தள்ளினதும் கழண்டுடுச்சு, விரலால தள்ளினாலே சுத்துது. அம்மா கிட்ட சொன்னேன். நானும் அக்காவும் சின்ன வயசுல சக்கைப் பிடிச்சுச் சுத்தி விளையாடுவோமாம், தாத்தாதான் பூட்டியிருப்பார்ங்கறாங்க.

ஆனா ஒரு விஷயம். புல் கியர்ல ரெண்டு பல் இல்ல. உடைஞ்ச இடம் புதுசா, சாம்பல் கலர்ல மினுக்குது. நேத்து ராத்திரியே பாலு அண்ணா சொன்ன மாதிரி பைப் வெச்சு இழுத்தேன். "டக்"னு ஒரு சத்தம் வந்துச்சு, துருதான் விடுதுன்னு நெனச்சேன்.

ஃபிட்டர் பாலு
நான் சொன்னது புஷ் லேத்துக்கு. நீ பேரே சொல்லலயே.

பீன்யா டர்னர்
நான் மொதல் பதில்லயே படம் கேட்டேன்.

கடைசல்காரன்
இப்ப யார் சொன்னதுங்கற பஞ்சாயத்து எதுக்கு. பல் போனதுக்கு வைத்தியம் இருக்கு. உடைஞ்ச துண்டு கீழ தட்டுல கிடக்கும், தேடி எடுத்து வை. நான் செய்யறது இது: பல் இருந்த அடியில வரிசையா ஓட்டை போட்டு, மரை வெட்டி, ஸ்டீல் ஸ்க்ரூ இறக்கி, அது மேல பிரேசிங் பித்தளையை ஏத்தி நிரப்பணும். மொதல்ல கியர் முழுக்கச் சீரா சூடு ஏறணும், ஒரே இடத்துல காட்டினா வார்ப்பிரும்பு விரிசல் விடும். முடிஞ்சதும் சுண்ணாம்புத் தூள்ல புதைச்சு ராத்திரி முழுக்க ஆற விடு. காலைல நல்ல பல்லை அட்டையில அச்சு எடுத்து, அந்த அச்சு உக்கார்ற வரைக்கும் அரத்தால தேய். கை வேலை தெரிஞ்ச ஆளுன்னா ஒரு நாள் வேலை.

சத்தமில்லாதவன்
மெதுவான ஓட்டத்துல பேக் கியர் கடிக்கறது அந்தப் பல்லைத்தான், அதனால சரி பண்ணற வரைக்கும் பேக் கியர் பக்கம் போகாத. பின் உள்ள, லீவர் வெளிய. நேர் ஓட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது. அடிச்ச டபிள்யூடி-40ஐ மண்ணெண்ணெயால கழுவிட்டு மெல்லிசான ஸ்பிண்டில் ஆயில், ஐஎஸ்ஓ 22, ஊத்து. கிரீஸ் வேண்டாம், ஃபெல்ட் அதை உறிஞ்சாது.

தங்கவயல் பேரன்
ஷெட்டை எப்ப இடிக்கறாங்க? லேத்தைத் தூக்க ஆள் வேணுமா? ஹெட் ஸ்டாக் பக்கம்தான் வெயிட்டு, கயிறை அந்தப் பக்கம் தள்ளிக் கட்டணும், இல்லன்னா கவுந்துடும்.

தங்கவயல் பேரன் (புதன்)
தம்பி?

கடைசல்காரன் (ரெண்டு வாரம் கழிச்சு)
பல் போட்டாச்சா?

அல்சூர்வாசி (ரெண்டு மாசம் கழிச்சு)
ஸாரி, ஷிஃப்டிங்ல மறந்துட்டேன். பல் போட்டாச்சு. லேத் இப்ப ஹொஸ்கோட்டேல சித்தப்பா பட்டறையில இருக்கு. பெல்ட் இன்னும் வரல. எல்லாருக்கும் தேங்க்ஸ்.

பீன்யா டர்னர்
படம்?