முதல் நத்தார், மணி அடிக்க அவர் இல்லை

வட்டக்கச்சி அம்மா:
என் கணவர் செப்டெம்பரில் போய்விட்டார். 41 வயது. வயலால் வந்து தண்ணீர் கேட்டார், நான் செம்பை நீட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நத்தாருக்கு வீட்டில் கிறிஸ்து பிறப்புக் குடில் கட்டுவது அவர்தான். சீமெந்துப் பையைக் கசக்கி, கரி பூசி மலை செய்வார். சிறுபோக வைக்கோலில் ஒரு கட்டு இதற்கென்றே எடுத்து வைப்பார். இந்த வருடக் கட்டும் கொட்டிலில் தொங்குகிறது. ஆண்டுத் திவசம் முடியுமட்டும் குடிலும் வேண்டாம், பலகாரமும் வேண்டாம் என்கிறா மாமி. எட்டு வயது மகன் எங்கேயோ மதில் கட்டும் இடத்தில் இரண்டு பை கேட்டு வாங்கி வந்து கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறான்.

ஆனால் என் பயம் வேறு. நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்து ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' என்ற வானவர் கீதம் பாடுவதில்லை, அதனால் இதுவரை தப்பிவிட்டேன். நத்தார் நள்ளிரவுப் பூசையில் அதைத் தொடங்கும்போது கோயில் மணி அடிப்பார்கள். அந்தக் கயிற்றைப் பிடிப்பது அவர். விசுவாசம் போகவில்லை. அந்த மணிச் சத்தத்தைத்தான் எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை.

வலைஞர்மடம் தம்பி:
அழாதீங்கோ அக்கா. அவர் மோட்சத்தில் நத்தார் கொண்டாடுவார்.

வட்டக்கச்சி அம்மா:
நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள் தம்பி. செத்தவீட்டு நாளிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முல்லைக்கடல்:
தங்கச்சி, நான் முல்லைத்தீவு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. எங்கள் சின்னவள் முதல் நாள் போட்ட நத்தார்ச் சட்டையோடுதான் கிடைத்தாள். நத்தாரும் திவசமும் எங்களுக்கு அடுத்தடுத்த நாள்.

மூன்று வருடம் நான் பூசைக்கு உள்ளே போகவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பாதர் நற்கருணையை அங்கேயே கொண்டுவந்து தருவார். ஏன் வெளியே நிற்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நாலாம் வருடம் மழை, அதனால் உள்ளே போனேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

மணி அடிக்கும்போது வெளியே நில்லுங்கோ. பாடாவிட்டால் ஒன்றும் குறையாது.

மடு யாத்திரிகை:
மத்தேயு 2ஆம் அதிகாரத்தைக் கடைசிவரை வாசியுங்கோ. ஞானிகள் போனதோடு நாங்கள் புத்தகத்தை மூடிவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் ஏரோது அரசன் குழந்தைகளைக் கொல்லுகிறான், இராகேல் என்ற தாய் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் வேண்டாம் என்கிறாள். எரேமியா 31இல் இருந்த அழுகையை மத்தேயு எடுத்துக் கிறிஸ்து பிறப்புக் கதைக்குள்ளேயே வைத்திருக்கிறார். 'போதும், கண்ணைத் துடை' என்று மத்தேயுவில் அவளிடம் யாரும் சொல்லவில்லை. அந்தக் குழந்தைகளை நினைக்கும் மாசில்லாக் குழந்தைகளின் திருநாளும் டிசம்பர் 28தான், நத்தாருக்கு மூன்றாம் நாள். அன்றைய பூசைக்குப் போய்ப் பாருங்கோ. சனம் குறைவு, அழ இடம் இருக்கும்.

2008 ஏப்ரலில் சண்டைக்குள்ளே மடுக் கோயிலில் இருந்த மாதாவின் சுரூபத்தையே தேவன்பிட்டி என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். அவவும் வீட்டை விட்டு இருந்தவதான். அவவிடம் போய்ச் சிரித்த முகம் காட்டத் தேவையில்லை.

ஆண்டுத் திவசக் கணக்கு எங்கள் ஊர்ப் பழக்கம், திருச்சபைச் சட்டம் இல்லை. அதற்காக மாமியோடு வாதாடாதேங்கோ. அவவுக்குப் போனது மகன்.

வட்டக்கச்சி அம்மா:
எல்லோருக்கும் நன்றி. இராகேலை நேற்று இரவு வாசித்தேன், இரண்டு தரம். எங்கள் கோயிலில் வேப்பமரம் இல்லை, மாமரம் ஒன்று நிற்கிறது. இந்த மழைக்குக் குடையும் வேண்டும். மணி அடிக்கும்போது அங்கே நிற்பதாக இருக்கிறேன்.

இன்னொன்று. இன்று காலை கூட்டும்போது மாமி கட்டிலுக்குக் கீழே அந்தப் பைகளைக் கண்டுவிட்டா. ஏசப்போகிறா என்று நினைத்தேன். ஒன்றைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்தா.

'இது நைலோன் பை, கசங்காது. அவன் கடதாசிப் பைதான் தேடி எடுப்பான்' என்றா.