டித்ரோ பக்கம் போனவங்க இருக்கீங்களா? ருமேனியா மலைக்கிராம அனுபவத்த இங்க போடுங்க

குளூஜ்வாசி:

ருமேனியான்னாலே டிராகுலா கோட்டை போனியா, வளைஞ்சு வளைஞ்சு போற மலை ரோடுல கார் ஓட்டினியான்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. நான் குளூஜ்ல வேலை பாக்கறேன், லீவு கிடைச்சா ட்ரெய்ன் ஏறி எதாச்சும் ஒரு சின்ன ஊர்ல இறங்கிடறது பழக்கம், அப்படி இறங்கினதுதான் டித்ரோ. ஹர்கிதா மாவட்டம். டேடா ஸ்டேஷன் தாண்டினதும் ரெண்டு பக்கமும் மலை நெருக்க, முரேஷ் ஆறு கூடவே வரும், டோப்லிட்ஸா வந்ததும் கதவு தொறந்த மாதிரி மலை விலகி ஒரு பெரிய சமவெளி. 700 மீட்டருக்கு மேல உயரத்துல இருக்கற பள்ளத்தாக்கு, சுத்தி மலைங்கறதால குளிர் காத்து உள்ள இறங்கி அங்கயே உக்காந்துக்கும், ஜனவரில மைனஸ் 30 பக்கம் போறதெல்லாம் நடக்கும்.

முரேஷ் இங்க தெக்கேருந்து வடக்க போகுது. அது பொறக்கற இடத்துக்குப் பக்கத்துலயே ஓல்ட்னு இன்னொரு ஆறு பொறந்து நேர் எதிரா தெக்க போயிடுது. ரெண்டும் கூடப்பொறந்ததுங்க, பிரிஞ்சு போச்சுன்னு ஊர்ல கதை சொல்றாங்க. ஆனா முரேஷ் டிஸா ஆத்துல விழுந்து, டிஸா டான்யூப்ல விழுது, ஓல்ட்டும் சுத்தி டான்யூப்லதான் விழுது. ஆக கடைசில ஒரே வீட்டுக்குத்தான் வருதுங்க.

ஊர் போர்டுல டித்ரெவுன்னு ருமேனியன்லயும் டித்ரோன்னு ஹங்கேரியன்லயும் எழுதியிருக்கும், ஆனா ஊருக்குள்ள ருமேனியன் பேச ஆள் தேடணும். கடை, பள்ளிக்கூடம், சர்ச் எல்லாம் ஹங்கேரியன்தான். செகேய்னு சொல்ற ஜனம், அந்தக் காலத்துல எல்லைக்காவல் பாத்ததுக்காக வரிச்சலுகை வாங்கினவங்க. கத்தோலிக்க சர்ச் ஒண்ணு ரெட்டைக் கோபுரத்தோட இருக்கு, இந்த ஊர் சைஸுக்கு அவ்ளோ பெருசு தேவையான்னு தோணும், ரொம்ப தூரத்துலேருந்தே தெரியும்.

1910ல இங்க பொறந்த ஒருத்தர் வாசப்படி தாண்டாமலே இருந்திருந்தாக்கூட நாடு மாறிக்கிட்டே இருந்திருக்கும். மொதல்ல ஹங்கேரி ராஜ்யம், முதல் உலகப்போர் முடிஞ்சு 1920 ட்ரியனான் ஒப்பந்தத்தோட ருமேனியா, 1940 ஆகஸ்ட்ல ஹிட்லர் தரப்பு வியன்னால உக்காந்து கோடு போட்டதும் மறுபடி ஹங்கேரி, 1944ல திரும்ப ருமேனியா. அப்புறம் 1952ல கம்யூனிஸ்ட் ஆட்சி சோவியத் பாணில ஒரு ஹங்கேரிய தன்னாட்சிப் பகுதி குடுத்துட்டு, 1968ல அதையும் கலைச்சு மாவட்டங்களாக்கிட்டாங்க, அதுல ஒண்ணுதான் இப்ப இருக்கற ஹர்கிதா. இத தெரிஞ்சுக்கிட்டு அங்க போய்ப் பேசினா ஆளுங்க ஏன் எல்லாத்துக்கும் "நம்ம ஊர், நம்ம பாஷை"ன்னு இறுக்கமா இருக்காங்கன்னு கொஞ்சம் புரியும். சரின்னு சொல்ல வரல.

வேற யாராவது போயிருந்தா எழுதுங்க. 2020 விஷயம் பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லலாம்.

——

வன்னிப்பெடியன்:

தம்பி 2020 விஷயத்த எங்கட ஆக்கள் மறக்கேல்ல. நான் பிராஷோவில கட்டட வேலை செய்யிறன், இலங்கையில இருந்து வந்த எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். அந்த ஊர் பேக்கரிக்கு ஆள் கிடைக்கேல்ல எண்டு இலங்கையில இருந்து ரெண்டு பேரை வேலைக்கு எடுத்தவை, அவ்வளவுதான், ரெண்டே ரெண்டு பேர். ஜனவரி கடைசியில ஊரே கூடி, ஆயிரத்துக்கு மேல கையெழுத்து வைச்சு, வெளியாக்கள் வேண்டாம் எண்டு நிண்டது. ஃபேஸ்புக்கில குடியேறிகள் இல்லாத டித்ரோ வேணும் எண்டு ஒரு குரூப்பே துடங்கினவை. ரெண்டு பேரும் ஊருக்குள்ள வாடகைக்கு இருந்தவை, பிறகு பக்கத்து டவுன் கெயோர்கேனிக்கு மாத்தினது. பேப்பர், டிவி எல்லாம் வெளிநாடு வரைக்கும் போச்சுது, பிறகு கொரோனா வந்து எல்லாம் அடங்கிப்போச்சு.

ஊராக்கள் சொன்னதில ஒண்டு நியாயமாத்தான் இருந்தது, அங்க சம்பளமும் வேலை நிலைமையும் சரியில்லை, அதாலதான் உள்ளூர் ஆக்கள் போகேல்ல, மலிவா ஆள் எடுக்கிறாங்கள் எண்டு. அது முதலாளியோட கதைக்க வேண்டிய விசயம். மாவு பிசையிறவன் என்ன செய்வான்?

ரெண்டு மூண்டு வருசத்துக்குப் பிறகு நான் கெயோர்கேனிக்கு ஒரு கூரை வேலைக்குப் போனன், ஒரு ஞாயிறு டித்ரோவைப் பாப்பம் எண்டு பஸ்ஸில போனன். பயம்தான், பொய் சொல்லேல்ல. ரோட்டோரம் மரத்தில செதுக்கின பெரிய கேற்றுகள், அதுக்குப் பக்கத்தில வாங்கு, ஒரு கிழவர் இருந்தார். ஃபோனில ட்ரான்ஸ்லேட் போட்டுத்தான் கதைச்சம். எங்க இருந்து எண்டு கேட்டார், ஸ்ரீலங்கா எண்டன், கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். பிறகு தன்ர மகன் ஜெர்மனியில, மருமகளும் அங்கதான், பேரப்பிள்ளைய வீடியோவில மட்டும்தான் பாக்கிறன் எண்டார். பேக்கரியப் பற்றி நான் கேக்கேல்ல, அவரும் சொல்லேல்ல. உள்ள போய் பாண் வெட்டிக்கொண்டு வந்து தந்தார், பன்றிக் கொழுப்பும் வெங்காயமும் வைச்சு. உருளைக்கிழங்கு போட்ட பாண், கருக விட்டுச் சுட்டு மேல்தோலைத் தட்டி எடுக்கிறது அவையின்ர முறை. நல்ல பாண் எண்டு சொல்லத்தான் வேணும்.

——

கல்லுடைப்பான்:

அண்ணா, படிக்கும்போதே என்னமோ பண்ணுச்சு. நான் ஜியாலஜி, அதனால எனக்கு இந்த ஊர் பேரு அந்த 2020 பிரச்சனைக்கு முன்னாடியே தெரியும். டிட்ரோயிட்னு ஒரு பாறை இருக்கு, பேரே இந்த ஊர வெச்சுதான் வந்துச்சு, 19ஆம் நூற்றாண்டுல வெச்ச பேரு. நெஃபலின் சையனைட் (syenite, கிரானைட் மாதிரி ஒரு பாறை) வகை, உள்ள சோடலைட்ங்கற கனிமம் நீலக்கலர்ல திட்டுத்திட்டா ஓடும், யாரோ இங்க் பாட்டில கொட்டின மாதிரி. ஊருக்குக் கிழக்குப் பக்க மலை பூரா அந்த மாதிரி காரப்பாறை, ட்ரையாசிக் காலத்துல, அதாவது 20 கோடி வருஷத்துக்கும் முன்னாடி பூமிக்குள்ளேருந்து பாறைக்குழம்பா மேல ஏறி வந்து உள்ளுக்குள்ளயே ஆறினது. உலகம் பூரா பாறை படிக்கறவங்க புஸ்தகத்துல அந்த ஊர் பேரு இருக்கு, ஊர்ல பாதிப் பேருக்கு அது பத்தி ஒரு அக்கறையும் இல்ல, நான் ஓடைல சுத்தியலோட உக்காந்துருக்கேன், ஒரு அக்கா மாடு ஓட்டிட்டு வந்தவங்க நின்னு பாத்து தங்கமான்னு சைகைல கேட்டாங்க, நீலக்கல்ல காட்டினேன், சிரிச்சுட்டுப் போயிட்டாங்க, அவ்ளோதான்.

குளூஜ்வாசி ப்ரோ, பக்கத்து லஸாரியா போனீங்களா? லாஸார் குடும்பத்து கோட்டை, டிரான்சில்வேனியாவ ஆண்ட காபோர் பெத்லேன் சின்ன வயசுல வளர்ந்த இடம். அங்கேருந்து கெயோர்கேனி கொஞ்ச தூரம்தான்.

——

குளூஜ்வாசி:

லஸாரியா போனேன். எனக்கு அதைவிட கெயோர்கேனிதான் புடிச்சுது. வன்னி அண்ணா சொன்னதோட சேத்துப் படிங்க: அந்த டவுன்ல ஒரு ஆர்மீனிய கத்தோலிக்க சர்ச் இருக்கு, சுத்தி மதில் வெச்சு. 17ஆம் நூற்றாண்டுல மால்டாவியா பக்கத்துலேருந்து ஆர்மீனியருங்க மலை தாண்டி வந்து குடியேறி, தோல் வியாபாரம் மாட்டு வியாபாரம்னு செழிச்சவங்க, டிரான்சில்வேனியால ஆர்மீனிய ஊர்னு பேர் வாங்கின நாலுல இதுவும் ஒண்ணு. காலப்போக்குல பாஷை போயி ஹங்கேரியனே பேசி கலந்துட்டாங்க, இன்னிக்கு சர்ச்சும் சில குடும்பப் பேருங்களும்தான் மிச்சம். டித்ரோலேருந்து அங்க பஸ்ல போயிடலாம்.

கெயோர்கேனிலேருந்து கிழக்க பிகாஸ் போற ரோட்டுல லாகு ரோஷுன்னு ஒரு ஏரி, 1837ல மலை சரிஞ்சு ஓடைய அடைச்சதால உண்டானது, முழுகின காட்டோட அடிமரமெல்லாம் இன்னும் தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கும். அதத் தாண்டினா பிகாஸ் மலையிடுக்கு. சனி ஞாயிறு போகாதீங்க, கார் நிறுத்த எடம் கிடைக்காது.

——

வன்னிப்பெடியன்:

கல்லுடைப்பான் தம்பி, அந்த நீலக்கல்லில ஒரு துண்டு கிடைச்சா எனக்கும் வைச்சிரும். ருமேனியா வருசத்துக்கு 100,000 வெளிநாட்டு வேலையாட்களுக்கு அனுமதி எண்டு 2022இல இருந்து 2025 வரைக்கும் குடுத்தது, இப்ப நேபாளம், வங்காளதேசம், எங்கட ஆக்கள் எண்டு எல்லா டவுனிலயும் காணலாம், கெயோர்கேனியில பீட்சா கொண்டு போறதும் எங்கட பெடியன்தான். புதுசா வாறாக்களுக்கு ஒண்டு: ஏஜென்டுக்குக் காசு கட்ட முதல் வேலை ஒப்பந்தத்தில ஊரின்ர பேரை வாசியுங்கோ. ஹர்கிதா, கோவாஸ்னா மாவட்டம் எண்டு இருந்தா ருமேனிய மொழிக்கு முதல் நாலு ஹங்கேரியச் சொல்லுப் பழகிக்கொண்டு வாங்கோ. "யோ நபோட்" எண்டு வணக்கம் சொன்னாலே கடைக்காரியின்ர முகம் மாறும்.