40 கேஸ் முடித்தவருக்கு வார்டு எதற்கு?

பழைய ஹவுஸ்மேன்:
நேற்று வேறொரு இழையில் மருத்துவம் படிக்கும் ஒரு தம்பி எழுதியிருந்தார்: "இணையத்தில் 40 குழந்தைக் கேஸ் (கணினியில் வரும் கற்பனை நோயாளிகள்) முடித்தால் போதும், கிளினிக்கல் ரீசனிங், அதாவது யோசித்து நோயைக் கண்டறிவது, தானாக வந்துவிடும். வார்டில் நிற்பது நேர விரயம்." படித்ததும் கோப்பி ஓ புரையேறிவிட்டது. ஒரே கேள்வி. காவாசாகி நோயில், அதுதான் சின்னக் குழந்தைகளின் ரத்தக்குழாய் அழற்சிக் காய்ச்சல், பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட இடம் சிவக்கும் என்று உங்கள் அமெரிக்கக் கேஸ் சொல்லிக் கொடுத்ததா? அங்கே எல்லாக் குழந்தைக்கும் பிசிஜி போடுவதில்லை. இங்கே சிங்கப்பூரில் பிறந்த கையோடு போடுகிறோம்.

நாலாமாண்டு:
அந்தத் தம்பி நான்தான். எட்டு வாரம் வார்டில் நின்றேன். பார்த்தது ஆர்எஸ்வி என்ற சளி வைரஸ், வீசிங், கை-கால்-வாய்ப்புண். காவாசாகி ஒன்றுகூட வரவில்லை. இணையக் கேஸில்தான் அதைப் பார்த்தேன். ஐந்து நாள் காய்ச்சல், பீளை தள்ளாத சிவந்த கண், வெடித்த உதடு, தடிப்பு, வீங்கிய கைகால், கழுத்தில் நெறிகட்டு. காய்ச்சலோடு மற்ற ஐந்தில் நான்கு இருந்தால் போதும். உங்கள் பிசிஜி அந்த ஐந்தில் இல்லை, டாக்டர்.

பழைய ஹவுஸ்மேன்:
அமெரிக்கப் பட்டியலில் இல்லை. ஜப்பானின் 2020 பட்டியலில் தடிப்போடு சேர்த்தே போட்டிருக்கிறார்கள். 1967-ல் இந்த நோயை எழுதி வைத்த காவாசாகி எந்த ஊர்க்காரர்?

எனக்கு வந்தது ஏழு மாதக் குழந்தை. காய்ச்சல் ஆறாம் நாள். இரண்டு கிளினிக்கில் வைரஸ் என்று அனுப்பிவிட்டார்கள். உடுப்பைக் கழற்றித் துடைக்கும்போது வார்டு சிஸ்டர் கூப்பிட்டார்: "டாக்டர், இதப் பாருங்க." ஊசி போட்ட இடம் மட்டும் செக்கச் செவேலென்று, நடுவில் பொருக்கு. பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரத மருந்து) ஏற்றாவிட்டால் இதய ரத்தக்குழாய் வீங்கிவிடலாம். உங்கள் கேஸில் உடுப்பைக் கழற்றும் பட்டன் உண்டா?

தமிழ்ச்சாரல்:
'கிளினிக்கல் ரீசனிங்' என்று எதைச் சொல்கிறீர்கள்? கண்ணில் படுவதா, பட்டதை வைத்து யோசிப்பதா? அதை முதலில் முடிவு செய்யலாமே.

பழைய ஹவுஸ்மேன்:
வந்துவிட்டார் அகராதி. பிசிஜிக்குப் பதில் எங்கே?

இரவு ஷிஃப்ட்:
கண்டுபிடித்தது சிஸ்டர். கதை சொல்வது டாக்டர். நடக்கட்டும்.

நாலாமாண்டு:
அதானே! வார்டில் நின்ற டாக்டருக்கே தெரியவில்லை. சரி, 2020 பிப்ரவரியில் கோவிட் வந்து டோர்ஸ்கான் (நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை) ஆரஞ்சு என்றதும் மாணவர்களை வார்டிலிருந்து வெளியே அனுப்பினார்களே, அந்த செட் எல்லாம் அரை டாக்டரா?

கோப்பிக்கடை அக்கா:
என் தங்கை அந்த செட்தான். வார்த்தையை அளந்து பேசுங்கள்.

பழைய ஹவுஸ்மேன்:
அக்கா, நான் யாரையும் அரை என்று சொல்லவில்லை. தம்பிதான் சொன்னார். பிசிஜி சிவக்கும் என்று உங்கள் தங்கைக்குத் தெரியுமா, கேட்டுச் சொல்லுங்கள்.

கோப்பிக்கடை அக்கா:
பிசிஜி, பிசிஜி! ஜி6பிடி குறைபாட்டை (அந்துருண்டை போன்றவை பட்டால் ரத்த அணு சிதையும் பிறவிக் குறை) இங்கே 1965 முதல் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்க்கிறார்கள். என் மகனுக்கு இருக்கிறது, வீட்டில் அந்துருண்டையே வைப்பதில்லை. அதுவும்தான் அமெரிக்கக் கேஸில் இருக்காது. நம் ஊர் டாக்டர்கள் உட்கார்ந்து நம் ஊர்க் கேஸ் எழுத வேண்டியதுதானே?

பழைய ஹவுஸ்மேன்:
எழுதினேனே! 2011-ல் ஆறு கேஸ், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து. படம் தெளிவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

நாலாமாண்டு:
ஓ... கோபம் அங்கே இருக்கிறதா!

பழைய ஹவுஸ்மேன்:
கோபமெல்லாம் இல்லை. அந்த ஆறில் மூன்றாவது கேஸ் இதே பிசிஜிதான்.

தமிழ்ச்சாரல்:
என் கேள்வி அப்படியே நிற்கிறது.

இரவு ஷிஃப்ட்:
எனக்கு வேலைக்கு நேரமாச்சு. டாக்டர், அந்தச் சிஸ்டர் பெயராவது ஞாபகம் இருக்கா?

பழைய ஹவுஸ்மேன்:
பேச்சை மாற்றாதீர்கள். தம்பி, பிசிஜி?